டக் டக் டக்

ரோலர் கோஸ்டரில் எனக்குப் பிடித்தது இறக்கமல்ல, ஏற்றம். சங்கிலி வண்டியை மேலே இழுக்கும்போது காலடியில் கேட்குமே, அந்த 'டக் டக் டக்'. குழந்தைகளும் ஏறுகிற சின்ன இரும்புக் கோஸ்டரிலும் அது உண்டு. "தாத்தா, ஏதோ உடையுது" என்று பேத்தி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

உடையவில்லை. வண்டியின் அடியில் ஓர் இரும்பு நாக்கு, பாதையின் நடுவே வரிசையாகப் பற்கள். ஒவ்வொரு பல்லையும் தாண்டி நாக்கு விழுகிற சத்தம் அது. சங்கிலியே அறுந்தாலும் வண்டி பின்னால் சறுக்கிவிடாது. வயிற்றைக் கலக்குகிற சத்தமே நம்மைக் காப்பாற்றுகிற சத்தம்! இப்போது சில இடங்களில் அது கேட்காதபடி செய்துவிட்டார்கள். எதற்கு? டிக்கெட் காசில் பாதி அதற்குத்தானே.

எங்கள் ஊர்த் தேரில் முட்டுக்கட்டை போடுகிறவர் ஒருவர் இருந்தார். எல்லார் கண்ணும் மேலே சாமி மீது. என் கண் அவர் கை மீது. தேர் ஆடி அசைந்து வரும்போது சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகிவிட்டு நகர்ந்துவிடுவார். கிறீச்சென்று மரம் நசுங்கும், தேர் தயங்கும், அரை அடி திரும்பும். கட்டையின் முனை நார் நாராய்ப் பிய்ந்து கிடக்கும். அடுத்ததை எடுத்துக் கொடுக்கப் பையன்கள் நாங்கள் அடித்துக்கொள்வோம். வருஷம் முழுக்க யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். அன்று மட்டும் ஊர்ப் பெரிய மனிதர்களையே "வடத்தை விடுய்யா!" என்று அதட்டுவார். ஒருவரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

கோஸ்டர் உலகத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். பாதைக்குக் கீழேயும் ஒரு சக்கரத்தை மாட்டி 1919இல் காப்புரிமை வாங்கினார். வண்டி துள்ளினாலும் பாதையை விட்டுக் கிளம்பாது. பிடி கிடைத்த பிறகுதான் கட்டுகிறவர்களுக்கு நம்மைச் செங்குத்தாகத் தள்ளிவிடும் துணிச்சல் வந்தது. (பயந்தவர்கள் கடைசி சீட்டைத் தேடுவது தப்புக் கணக்கு. முன்பெட்டிகள் இறக்கத்தில் இழுக்க, உச்சியை அதிக வேகத்தில் தாண்டுவது கடைசிப் பெட்டிதான்.)

மரச்சட்டத்தில் ஓடிய வண்டியை இரும்புக் குழாயில் ஓடவிட்டது கலிபோர்னியா டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன், 1959 ஜூனில். குழாயை இஷ்டத்துக்கு வளைக்கலாம். இன்றைய இரும்புக் கோஸ்டர்களெல்லாம் அதன் வாரிசுகள். அதே பெயருள்ள சுவிட்சர்லாந்து மலையை நூற்றில் ஒரு பங்காக்கி, 147 அடிக்கு எழுப்பிய போலி மலை. உச்சிப் பக்கம், உள்ளே, ஊழியர்கள் ஓய்வில் விளையாட ஒரு கூடைப்பந்து வளையம் மாட்டியிருக்கிறார்கள். கீழே ஜனங்கள் காசு கொடுத்து அலறிக்கொண்டிருக்க, மேலே ஒருவர் சாப்பாட்டு வேளையில் சாவகாசமாகப் பந்து போட்டுக்கொண்டிருப்பார். மலையில் எனக்கு அந்த இடம்தான் வேண்டும்.