நிறையாத குழி

"எங்கட வீட்டுக் குழி கட்டி நாற்பது வருசம். இன்னும் நிறையேல்லை. எனக்கேன் குழாயும் வரியும்?"

யாழ்ப்பாணத்தில் எமது ஒழுங்கைவாசிகள் அண்மையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் விறாந்தையிற் கூடியபோது, வீட்டுக்காரரான அவரே எழுந்து இவ்வாறு கேட்டார். எமது பகுதிக்குக் கழிவுநீர்க் குழாய் வேண்டுமென விண்ணப்பம் எழுதவே நாம் கூடியிருந்தோம். சோலைவரி கூடும் என்ற பேச்சு எழுந்ததும் கூட்டத்திற் பாதிப்பேர் ஆசிரியரின் பக்கம் சாய்ந்தனர். நிறையாத குழி எமது ஊரில் ஒரு பெருமை. நல்ல நிலம், கட்டியவனின் கைராசி என்பர்.

குழி ஏன் நிறையவில்லை? குடாநாட்டின் அடியிற் கிடப்பது சுண்ணக்கல். வெடிப்பும் பொந்தும் மலிந்த கல். நிலாவரைக் கிணறு அக்கல்லின் செயலே. ஆறில்லாத எமது மண்ணில் மழைநீரைத் தேக்கி வைத்துக் கிணறுகளுக்கு ஊட்டுவதும் அதுவே. மலக்குழியில் விழுவதை வடியவிட்டு அதே நீருடன் சேர்ப்பதும் அதுவே. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. குடாநாட்டுக் கிணறுகள் பல அதனைத் தாண்டிவிட்டன. தோட்டத்துக்கு இடும் உரம் அதற்கு ஒரு காரணம். எமது குழிகள் மற்றொன்று. நீரைக் கொதிக்க வைத்தாற் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். அதனால் முதலில் வாடுவது பால்மாவைக் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தை.

1960களில் எங்கள் வீட்டிற் குழி இருக்கவில்லை, வாளி இருந்தது. பின்வேலியோடு ஒட்டிய மலசலகூடம். ஒழுங்கைப் பக்கத்தில் முழ உயரத்தில் ஒரு தகரக் கதவு. விடியுமுன் நகரசுத்தித் தொழிலாளி ஒருவர் அக்கதவைத் திறந்து வாளியை இழுத்து வண்டிலிற் கவிழ்த்துவிட்டுப் போவார். ஒருநாள் வெயிலேறி வந்தவர் தண்ணீர் கேட்டார். அப்பாச்சி அவரைப் படலைக்கு வெளியே நிறுத்தி, எட்டத்தில் நின்று, குவித்த கைகளில் ஊற்றினார். கிணற்றடிக்கு அவர் வந்தாற் கிணறு துடக்காகிவிடுமாம். செம்பை எடுத்துக் கொடுத்தவன் நான். சில ஆண்டுகளின் பின் தந்தையார் குழி வெட்டுவித்தார். கிணற்றிலிருந்து அது எத்தனை முழம் என்று எவரும் அளக்கவில்லை. அவரைத் தொடவிடாத கிணற்றினுள் எமது குழி தாராளமாய்ப் புகுந்தது. எனக்கும் தங்கைக்கும் அடுத்தடுத்து நெருப்புக்காய்ச்சல் வந்தபோதும் வீட்டார் நாவூறு கழித்தனரேயன்றிக் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை.

யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி புதியதன்று. இலண்டனில் 1848-49இலும் 1853-54இலும் வாந்திபேதி ஆயிரமாயிரமாக மக்களைக் கொண்டுபோயிற்று, கருவூலம் திறக்கவில்லை. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பாராளுமன்றத்துள் நுழைந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் தோய்த்துத் தொங்கவிட்டும் பயனில்லை. சில வாரங்களிற் சட்டம் நிறைவேறிற்று! முப்பது இலட்சம் பவுண் கடன்; அதனை அடைக்க நாற்பது ஆண்டுக்கு மாநகர் முழுவதும் பவுணுக்கு மூன்று பென்ஸ் வரி. யோசேப் பசல்கெற் என்னும் பொறியியலாளர் வகுத்த குழாய்கள் இன்றும் உழைக்கின்றன. ஆயினும் 1866இல் வாந்திபேதி மீண்டும் வந்தபோது, அது பாய்ந்த இடம் வேலை முற்றுப்பெறாத கிழக்கு இலண்டன். துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. வரி எல்லோருக்கும் ஒன்றாய் வந்தது. குழாய் அவ்வாறு வரவில்லை.

கொழும்பிலும் இதனைக் கண்டேன். வெள்ளவத்தையில் நான் வாடகைக்கிருந்த அறைக்குக் குழாய் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடத் தொடங்கிய அமைப்பு அது. முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கழிவைக் கடலினுள் விடுவது. தோட்டங்களிலோ விடியற்காலையிற் பொது மலசலகூட வாசலில் வரிசை. அப்பழைய அமைப்பைச் சீராக்க 2009இல் ஆசிய அபிவிருத்தி வங்கியிடம் அரசு கடன் பெற்றது. தேவையான வேலைதான். ஆனால் அரசு பட்ட கடன் நாடு பட்ட கடன். குழாயையே கண்டிராத வன்னி விவசாயி வாங்கும் பொருளின் மீதுள்ள வரியிலும் அதற்கொரு பங்குண்டு.

ஆசிரியர் கெட்டவரல்லர். ஓய்வூதியம் சொற்பம். ஆதலால், வீட்டின் பெறுமதிக்கேற்ப வரி ஏறட்டும், மாடிவீடுகள் கூடுதலாகத் தரட்டும் என்றேன். அதற்குச் சிலர் இணங்கினர். பின்னர், கடலோரத்து நகரசுத்தித் தொழிலாளர் குடியிருப்பையும் விண்ணப்பத்திற் சேர்க்கவேண்டும் என்றேன். அங்கே நிலநீர் மட்டம் உயரம். மாரியிற் குழிகள் பொங்கி வாசலில் நிற்கும்.

"அவையள் சோலைவரி கட்டுறேல்லை. அவையளை ஏன் சேர்ப்பான்?" என்றது பின்வரிசையில் ஒரு குரல். எவரும் மறுக்கவில்லை. எமது வீடுகளின் குழிகளை இன்று உறிஞ்சிச் செல்லும் பவுசரின் பின்னால் நிற்பவர்களும் அவர்களுடைய பிள்ளைகளே என்றேன். அதற்கும் மறுமொழி இல்லை.

குடியிருப்பின் பெயரை முதல் வரியில் எழுதினேன். இருபத்திரண்டு வீட்டாரில் ஒன்பதுபேர் ஒப்பமிட்டனர். ஆசிரியர் தாளை வாங்கி, "ஆறுதலாய் வாசிச்சுப்போட்டுத் தாறன், தம்பி" என்று மடித்து வைத்துக்கொண்டார்.

நான் செருப்பை மாட்டியபோது, அவருடைய மருமகள் கிணற்றில் அள்ளிய நீரைக் கேத்தலில் ஊற்றி, பேரப்பிள்ளையின் பால்மாவுக்காக அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்.