பால்மரமும் விரிவுரை மேடையும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில், ஒரு காலத்தில், வைகறைப் பிரட்டு முடிந்ததும் உளியும் வாளியுமாய்ப் பால்மரக் காட்டுக்குள் நுழைந்தோருள் பலர் பள்ளிப் படியை மிதித்தறியாதவர். ஆயினும், பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஓர் இடம் அமைந்ததில் அவரனைய தொழிலாளரின் பங்கும் உண்டு.

1950களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, வடமொழிக்கே முதலிடம் என்ற கருத்து எழுந்தது. தமிழே முதன்மை பெறவேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாதாடினார். அவர் முன்னின்று திரட்டிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குத் தொழிலாளரும் தம் கூலியிலிருந்து ஈந்தனர். 1956இல் துறை பிறந்தது. 1961இல் அதன் தலைமையேற்ற தனிநாயக அடிகளார், 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டுவித்தார்.

அம்மேடையில் விரிவுரையாளராய் நிற்க விழைவோர்க்கு இன்று முனைவர் பட்டம் வேண்டும். ஆய்வுப் பொருளோ காலடியிலேயே கிடக்கிறது. தோட்டத்துத் தாலாட்டு, ஒப்பாரி, மலாய் கலந்த வழக்குச் சொற்கள் ஆகியவற்றுள் ஏடேறாதவை பல. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதி எழுகிறது. பாடியவர் இடம்பெயர, பாட்டும் மறைகிறது.

ஆதலின், பல்கலைக்கழகப் பணியை ஊதியத்தின் பெயரால் மட்டும் மாணவனுக்குக் காட்டுதல் போதாது. பாட்டி பாடுவதைக் கேட்டுப் பிழையின்றி எழுதிவரும் பயிற்சியைத் தமிழ்ப் பள்ளியிலேயே தொடங்கலாம்; ஆய்வின் முதற்படி அதுவே. கூலிப் பணம் தாங்கிய அம்மேடை, அக்கூலி ஈந்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு அயலிடம் அன்று.