பயோடேட்டாவில் எழுதாதது

போன மாதம் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். சுற்றுச்சூழல் திட்டம் ஒன்றில் கள ஒருங்கிணைப்பாளர் வேலை. எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் பயோடேட்டாவைப் புரட்டிவிட்டு, "விலங்கியல், ட்ரெக்கிங், ஹோட்டல், இப்ப சுற்றுச்சூழல். எதுலயும் நிலையா நிக்கலையே தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "பல துறைகள்ல ஆர்வம் சார்" என்றேன். பதில் அவர்களுக்குப் பிடித்திருந்தது. எனக்குத்தான் வீடு வந்து சேரும்வரை வாய் கசந்தது. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

2001இல் மதுரையில் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தேன். தங்கியது ஆதிதிராவிடர் நல விடுதி. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமை பேசுகிறோம். விடுதியின் பெயர் அன்று அந்த வேலையைச் செய்துவிட்டது. அப்போதெல்லாம் செய்முறை வகுப்பில் தவளை அறுக்க வேண்டும். முதல் நாளே பக்கத்து மேசைக்காரன் தன் தட்டை என் பக்கம் தள்ளி, "உனக்குப் பழக்கம் இருக்கும்ல, நீயே உரிச்சுக் குடுத்துரு" என்றான். என் தாத்தா செத்த மாடு உரித்தவர். அதை நான் அவனிடம் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மூன்று வருடமும் இரண்டு தவளை அறுத்தேன். சிக்கல் என்னவென்றால், எனக்கு அது பிடித்திருந்தது. தோலை விலக்கி, தசையை நீக்கி, நூல் போல வெள்ளையாக நரம்பு வெளியே தெரியும்போது வருகிற மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை. கை நன்றாக ஓடியது. ஆசிரியர் பாராட்டினார். பாராட்டு எதற்கு என்று மட்டும் எனக்குக் கடைசிவரை சந்தேகம்.

எம்.எஸ்சி.யில் உயிர்வேதியியல் தாளில் செல் சுவாசம் வந்தது. மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனைச் செல்லுக்குள் கடைசியாக வாங்கிக்கொள்ளும் நொதி ஒன்று உண்டு. சயனைடு அதை அடைத்துவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடும் அடைத்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல்லால் எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு வருடம் ஒரு ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர். முனைவர் பட்டத்துக்கு இடம் கேட்டால், "உங்க கோட்டாவுல வரும்போது பாக்கலாம்" என்றார் பேராசிரியர். வரவில்லை, ஊருக்குத் திரும்பினேன்.

எங்கள் காலனி போடிநாயக்கனூருக்குப் பக்கம். அம்மா விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போய்த் திரும்புவார். பாட்டி காலத்தில் ஜீப் கிடையாது, நடைதான். ஒரு காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே இறங்கியிருக்கிறது. தேயிலைக்குக் கிடைத்த வாகனம் பாட்டிக்குக் கிடைக்கவில்லை. குரங்கணிப் பக்கம் ட்ரெக்கிங் கூட்டம் வரத் தொடங்கியபோது நான் வழிகாட்டியானேன். அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "நாம சுமையோட ஏறுன மேட்டுக்கு அவுங்க காசு கட்டி ஏறுறாங்களா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

அந்த வேலையில் சந்தோஷம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொன்னால் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஆனால் எல்லாக் குழுவிலும் ஒருவராவது கேட்பார்: "அண்ணா, நீங்க ட்ரைபலா?" எங்கள் நிறுவனம் தன் விளம்பரத் தாளில் எனக்கு 'பழங்குடி வழிகாட்டி' என்றே பட்டம் போட்டிருந்தது. அந்த மலையின் உண்மையான பழங்குடிகளான முதுவர்கள் எங்களோடு மூட்டை தூக்கி வந்தார்கள். நான் மறுக்கவில்லை. பழங்குடி என்றால் நகரத்து மனசுக்குக் காட்டோடு பொருந்திவிடுகிறது. தலித் என்று சொன்னால் அவர்களுக்கு எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாது. அந்தப் பொய்க்குள் ஒன்பது வருடம் வசதியாக இருந்தேன்.

2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீ உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் குழுவில் நான் இல்லை. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதன்பின் மலையேற்றத்துக்குத் தடை, விசாரணை, புதிய விதிகள். எல்லாம் தேவையானவைதான். ஆனால் நியமனக் கடிதம் என்ற ஒன்றே இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு வேலை ஒரே நாளில் போனது. 

அடுத்தது கொடைக்கானலில் ஒரு விடுதி. பேச்சும் ஓரளவு ஆங்கிலமும் இருந்ததால் வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார்கள். முதல் வாரமே மேலாளர் விசாரித்துவிட்டார். சாதியைக் கேட்கவில்லை. "போடியில எந்தப் பக்கம்?" என்று கேட்டார், சொன்னேன். "ஓ, அந்தப் பக்கமா" என்றார். அவ்வளவுதான்.

2019 மே. சீசன். வெள்ளிக்கிழமை விடுதியின் கழிவுநீர்த் தொட்டி நிரம்பிப் பொங்கியது. உறிஞ்சு லாரிக்கு ஞாயிறுவரை நேரமில்லை. சனிக்கிழமை எல்லா அறையும் புக்கிங். மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க ஊர்ல ஆள் இருப்பாங்கள்ல, ரெண்டு பேர வரச் சொல்லு" என்றார். இருபது பேர் வேலை செய்த இடத்தில் என்னை மட்டும்.

நான் போன் செய்தேன்.

சித்தப்பா மகன் வந்தான், இன்னொரு பையனையும் கூட்டிக்கொண்டு. வத்தலக்குண்டில் பஸ் மாறி, இரவு பதினொரு மணிக்கு. "அண்ணன் கூப்பிட்டுச்சு" என்பதால் வந்தவன். மூடியைத் திறந்தபோது எனக்கு எல்லாம் தெரியும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் குறைந்துவிட்டது என்று உள்ளே இருப்பவன் நினைப்பான். முழு மதிப்பெண் வாங்கியவன் நான். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடுப்பளவு இறங்கியவன் கொஞ்ச நேரத்தில், "இப்ப நாத்தம் தெரியலண்ணே" என்றான். இழுத்துவிட்டோம். வெளியே வந்து தள்ளாடினான், வாந்தி எடுத்தான், அரை மணி நேரம் புல்லில் கிடந்தான். பிறகு எழுந்து, இறங்காமலே வாளியால் அள்ளி முடித்தார்கள். ஆளுக்கு ஆயிரம் ரூபாய், ஒரு பிரியாணிப் பொட்டலம். மறுநாள் மதியம் நான் வந்தவர்களுக்குப் பழச்சாறு கொடுத்து வரவேற்றுக்கொண்டிருந்தேன்.

கழிவுத் தொட்டியில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தடை செய்கிறது. நேரடியாக இறக்கினாலும் மறைமுகமாக இறக்கினாலும் குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை. இது பற்றிக் கூட்டங்களில் பேசும்போதெல்லாம் 'அவர்கள்' என்று நீட்டி முழக்குகிறோம். அன்றைய கணக்கில் நானும் அவர்களில் ஒருவன். அவன் செத்திருந்தால் 2014 தீர்ப்புப்படி பத்து லட்சம். இப்போது முப்பது லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். மறுநாளே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். நான்கு மாதம் கழித்துத்தான் விட்டேன். தங்கச்சி கல்யாணக் கடன் இருந்தது.

கடைசியாகச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று. நீர்நிலைப் பறவைகள் கணக்கெடுப்பு, குப்பை அகற்றும் முகாம்கள். முகாமுக்கு வரும் தன்னார்வலர்களுக்குக் கையுறையும் டி-சர்ட்டும் கொடுப்போம். படம் எடுத்துக்கொண்டு போவார்கள். சேர்ந்த குப்பையை வண்டியில் ஏற்றும் தூய்மைப் பணியாளர் அக்காக்களுக்குக் கையுறை எங்கள் பட்ஜெட்டில் கிடையாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது வெளியே வந்தபோது, நீர் மாசு பற்றிய எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் அதைப் பேசலாம் என்றேன். "அது சோசியல் இஷ்யூ, நம்ம ஏரியா இல்ல" என்றார் ஒருங்கிணைப்பாளர். அவர் கெட்டவர் அல்ல. ஏரிக்காக வழக்குக்கெல்லாம் அலைந்தவர். 1927இல் மகாத்தில் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது அவருடைய சுற்றுச்சூழல் வரலாற்றில் இல்லை, அவ்வளவுதான். கழிவுநீர்த் தொட்டிகளையும் அதில் இறங்குகிறவர்களையும் கணக்கெடுப்பில் சேர்க்கச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது முறை எழுதவில்லை. வேறு வேலை தேடத் தொடங்கினேன்.

நேர்முகம் முடிந்த மறுவாரம் ஊருக்குப் போனேன். சித்தப்பா மகன் இப்போது ஒரு உறிஞ்சு லாரியில் ஓட்டுநர். நகராட்சியில் ஏதோ பயிற்சி கொடுத்தார்களாம். அங்கே சொன்ன வாயுவின் பெயர் மறந்துவிட்டது என்று என்னிடம் கேட்டான். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அண்ணே, அன்னைக்குக் கொடைக்கானல்ல உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். உள்ளே பார்த்து, "அண்ணனுக்கு டீ போடு" என்றான்.