ஒளியால் கேட்க இயலுமா?

பிறவியிலேயே செவிப்புலன் அற்ற குழந்தைகளுக்கு இக்காலத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்படுவதை வாசகர்கள் அறிவர். என் தங்கை மகளுக்கும் இரண்டாம் வயதில் வலக் காதில் அது பொருத்தப்பட்டது. இன்று ஐந்து வயதில் ஓயாமல் பேசுகிறாள். ஆயினும் ஆர்மோனியத்தின் ‘ச’வும் ‘ரி’யும் அவளுக்கு ஒன்றே.

காரணம் எளிது. செவி நரம்பில் ஏறத்தாழ 30,000 இழைகள் உள்ளன. கருவியிலோ 12 முதல் 22 மின்முனைகளே. அவையும் உட்செவியின் உப்புநீரில் அமிழ்ந்திருப்பதால், ஒரு முனையில் பாயும் மின்சாரம் பரவி அண்டை இழைகளையும் எழுப்பிவிடுகிறது. உள்ளங்கையை விரித்து ஆர்மோனியக் கட்டைகளை அழுத்துவது போலத்தான்.

ஒளி அவ்வாறு பரவாது. அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 2005-இல் அகச்சிவப்பு லேசரைக் கொண்டு, தொடாமலேயே, விலங்கின் கால் நரம்பைத் துடிக்கச் செய்தனர். மறு ஆண்டே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கிளாவ்ஸ்-பீட்டர் ரிக்டர் குழுவினர், ஜெர்பில் என்னும் பாலைநில எலியின் செவி நரம்பில் அதைச் செய்து பார்த்தனர். இமைக்கும் நேரத்திலும் மிகக் குறைந்த பொழுதில் ஒளி நீரைச் சற்றே சூடாக்குகிறது. அதனால் நரம்பணுவின் சவ்வு மின்னேற்றத்தைத் தாங்கும் திறன் மாற, சிறு மின்னோட்டம் எழுகிறது. இந்த விளக்கம் 2012-இல் வெளியாயிற்று.

இதைப் படித்த என் தங்கை, “இடக் காதுக்கு அறுவை வேண்டாம் அண்ணா, ஒளிக் கருவிக்காகக் காத்திருப்போமா?” என்று வினவினாள். தாயின் ஆசை அது. எளிதில் தட்டிவிட மனம் வரவில்லை.

ஆனால் முழுச் செய்தியையும் சொல்ல வேண்டியிருந்தது. செவிப்புலன் அழிக்கப்பட்ட கினிப் பன்றிகளில் லேசர் எவ்வித மறுமொழியையும் எழுப்பவில்லை என்று மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2015-இல் எழுதினர். திடீரெனச் சூடான நீர் விரிந்து எழுப்பும் மெல்லிய ‘டிக்’ ஓசையைத்தான், காது கேட்கும் விலங்குகள் கேட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. பிறவியிலேயே கேளாத சுண்டெலிகளில் மறுமொழி கிடைத்ததாக ரிக்டர் குழுவினர் 2018-இல் எழுதினர். வழக்கு இன்னும் எலிகளின் மன்றத்திலேயே நிற்கிறது.

குழந்தையின் மூளையோ காத்திராது. இளமையில் ஒலி சென்று சேராத காதைப் பின்னர் அது எளிதில் ஏற்பதில்லை. தங்கை நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்னர் நாட்காட்டியை எடுத்து வந்தாள். ஐப்பசியில் அறுவை.