போன மாசம் காணலியே

கோயிலுக்குப் போகிறவனுக்குத் தனிமை வராது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நிறைந்த கோயிலில், முன்னும் பின்னும் குடும்பம் குடும்பமாக எழுந்து நின்று பாடும்போது ஒற்றை ஆளாக நின்றவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். மனைவி போனபின் நான் அப்படி நின்றிருக்கிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் சபையோடு எனக்கிருந்த உறவெல்லாம் அவள் வழியாக வந்ததுதான். யார் வீட்டில் ஜெபக்கூட்டம், யாருக்கு முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள், சங்கக் காணிக்கை எந்த மாதம் வரை கட்டியிருக்கிறது, எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஆசீர்வாதம் கூறி முடிக்குமுன் வெளியே வந்து ஸ்கூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்பது என் வேலை.

அடக்க ஆராதனைக்கு ஊரே வந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு வசனம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆண்டவர் கூட இருக்கிறார் என்றார்கள். அதை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ராத்திரி கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாச்சா என்று கேட்க ஆள் இல்லாததுதான் என் கஷ்டம். அதற்கு வசனம் தேடிப் பயனில்லை.

அந்த நாட்களில் எலியாவின் கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறான் அந்தத் தீர்க்கதரிசி. வந்த தூதன் பிரசங்கம் ஏதும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து எழுப்புகிறான். எலியா தின்றுவிட்டு மறுபடியும் தூங்குகிறான். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். பிறகு ஓரேப் மலையில், நான் ஒருவன் மட்டுமே மிச்சம் என்று அவன் புலம்பும்போது கிடைக்கிற பதிலைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். தமஸ்குப் பக்கம் போ, இன்னாரை ராஜாவாக அபிஷேகம்பண்ணு, இன்னொருவனையும் அபிஷேகம்பண்ணு, உனக்குப் பின்வருகிறவன் எலிசா என்று வரிசையாக வேலைகள். நீ நினைக்கிறபடி நீ ஒருவன் இல்லை, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற தகவல் கடைசியில்தான் வருகிறது. கெத்செமனேயில் இயேசுவே சீடர்களில் மூன்று பேரைத் தனியே அழைத்துப்போய் என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார். திரும்பி வந்து பார்க்கும்போதெல்லாம் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். துணைக்கு ஆள் தேடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

எனக்கு வேலை கொண்டுவந்தவர் எங்கள் சபை ஊழியர். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, உட்காராமலே பேசினார்.

"அண்ணாச்சி, சனிக்கிழமை சும்மாத்தான இருக்கிய? ஐயர் வீட்டு நற்கருணைக்குப் போறாங்க. பாட்டு எடுத்துக் குடுக்க ஆள் வேணும்."

நெல்லைப் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றே சொல்வது. எனக்குத் தொண்டை சரியில்லை என்றேன்.

"அங்க இருக்கவங்களுக்குக் காதும் அவ்வளவாக் கேக்காது. வாங்க."

கோயிலுக்கு வரமுடியாதவர்களின் வீட்டுக்கு மாதம் ஒருமுறை நற்கருணையைக் கொண்டுபோவது எங்கள் சபையில் வழக்கம். ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் கைக்கடக்கமான கிண்ணம், தட்டு, திராட்சரசக் குப்பி, மடித்த வெள்ளைத் துணி. பெட்டி என் கையில்.

அந்த வீடுகள் எல்லாம் எனக்குத் தெரிந்த தெருக்களில்தான் இருந்தன. பலவற்றைத் தினமும் கடந்திருக்கிறேன். ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். பிள்ளைகள் வெளிநாட்டில். நாங்கள் வருகிற அன்று வெள்ளைச் சேலை கட்டி, மேசைக்குப் பின்னல் விரிப்புப் போட்டு, காலையிலிருந்தே தயாராக இருப்பார். நற்கருணை வாங்கும்வரை பேசமாட்டார். முடிந்ததும் விசாரணை தொடங்கிவிடும்: இந்த வாரம் யாருக்கு ஓலை வாசித்தார்கள், பாடகர் குழுவில் அந்தப் பையன் இன்னும் சுருதி விலகித்தான் பாடுகிறானா, கோயில் கூரைக்கு வசூலித்த பணம் என்ன ஆயிற்று. அப்பமும் ரசமும் ஐந்து நிமிடம். அந்த விசாரணை அரைமணி நேரம். இரண்டுமே நற்கருணைதான் என்று எனக்குத் தோன்றும். குருவானவரிடம் சொன்னதில்லை.

இன்னொரு வீட்டில் பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர். சொந்த மகளின் பெயரே வாயில் வராது. ஆனால் சிறுவயதில் பாடின கீர்த்தனை ஒன்றை எடுத்தால் சரணம்வரை வார்த்தை பிசகாமல் கூடப் பாடுகிறார். பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு போகாது, மூளையின் அமைப்பு அப்படி என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அவர் மகளுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. அப்பாவின் குரலைக் கேட்பதற்காகவே எங்களை எதிர்பார்க்கிறாள்.

2018 இல் பிரிட்டனில் தனிமைப் பிரச்சினையைக் கவனிக்க ஓர் அமைச்சருக்குப் பொறுப்புக் கொடுத்தார்கள். செய்தியைப் படித்தபோது எங்கள் ஊழியரின் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது.

திருநெல்வேலிச் சபையின் ஆரம்பமே ஒரு தனித்த பெண் என்பது இங்கே பலருக்கும் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை. தன் சாதியாருக்கும் ஆகாமல், ஆங்கிலேயர்களோடும் ஒட்டாமல் பாளையங்கோட்டையில் இருந்தவர். 1778 இல் சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து கிளாரிந்தா என்று பெயரிட்டார். 1780 இல் எழுதின சபைப் பட்டியலில் 40 பேர். முதல் பெயர் அவருடையது. 1785 இல் அவர் கட்டி முடித்த கோயிலை இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறார்கள். பிறகு, விசுவாசத்துக்காகச் சொந்த ஊரில் இருக்கமுடியாமல் போனவர்களுக்கென்றே 1799 இல் சாத்தான்குளம் பக்கம் முதலூர் உண்டாயிற்று. உறவு அறுந்தவர்கள் சேர்ந்து ஊர் உண்டாக்கின சரித்திரம் இது. அந்தச் சபைதான் இன்று தேர்தல் வந்தால் இரண்டாகப் பிரிந்து, எதிரணிக்காரர் வீட்டுத் துக்கத்துக்குக்கூடப் போகாமல் இருந்துவிடுகிறது. சாதி பார்த்து உட்காருகிற பெஞ்சுகளும் ஒழிந்தபாடில்லை.

எங்கள் வீட்டு நற்கருணைப் பட்டியலிலும் ஓட்டை உண்டு. முதுமையும் நோயும் இருந்தால்தான் பெயர் ஏறும். வேலைக்காக வந்து வாடகை வீட்டில் தங்கி, பின் பெஞ்சில் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் போகிற இளைஞர்களை யாரும் தேடிப்போவதில்லை. 2020 இல் கோயில் அடைபட்டிருந்தபோது யூடியூப் ஆராதனைக்குப் பழகி, அதோடு நின்றுவிட்டவர்களையும்தான். அவர்கள் காணிக்கை அனுப்புகிறார்கள்; ஆகவே கணக்கில் இருக்கிறார்கள்.

நடுவில் ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டேன். அடுத்த மாதம் போனதும் டீச்சர் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "போன மாசம் ஒங்களக் காணலியே? வந்த பையன் வேற ராகத்துல பாடிட்டுப் போறான்." மனைவி இறந்த நாளிலிருந்து நான் கேட்ட ஆறுதல் வார்த்தைகள் எதுவும் செய்யாததை அந்தக் கடிந்துகொள்ளுதல் செய்தது. நான் வராவிட்டால் தெரிகிற ஓர் இடம் இருக்கிறது. ராத்திரி ஜெபமும் மாறிப்போயிற்று. முன்பு அதில் முழுக்க நானே இருந்தேன். இப்போது தெருவரிசையில் வீடு வீடாகப் போகிறேன், சில நாள் பாதித் தெருவிலேயே தூங்கிவிடுகிறேன்.

இப்போது கோயிலின் பொதுவிருந்தான அசனம் வருகிறது. நடக்கமுடியாதவர்களுக்குச் சோறும் கறிக்குழம்பும் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பலாம் என்றது கமிட்டி. பொட்டலத்துக்குப் பெயர் அசனமா, நான் பந்திக்கு வருவேன் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். அதைக் கேள்விப்பட்டு மற்றவர்களும் வருகிறோம் என்கிறார்கள். ஆட்டோக்கள் பேசியாயிற்று. தரையில் உட்கார முடியாதவர்களுக்கு மேசை நாற்காலி வேண்டும்; பந்தலுக்குள் இடம் இல்லை, வெளியே போட்டால் வெயில் என்று கமிட்டியில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டீச்சருக்கு முதல் பந்தியிலேயே இடம் வேண்டுமாம். இரண்டாம் பந்திக்குக் கறி மிஞ்சாது என்பது அவர் அனுபவம்.