தறிக்குழியும் அவரைப் பந்தலும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்ட செயலாளர், "கவிதை மட்டும் வேணாம்டா, ஏற்கெனவே நாப்பது வந்திருக்கு, அதுல முப்பது காதல்" என்று கூடவே சொல்லிவிட்டார். எனக்குக் கவிதை வராது. எங்கள் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதட்டுமா என்றேன். சிரித்தார். எழுதிவிட்டேன்.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் ஓட்டு வீட்டுக்குப் பின்னால் இருபதடி நீளம், பதினைந்தடி அகலம். ஒரு முருங்கை, துவைக்கிற கல், அம்மாவின் கத்தரி, வெண்டை, மூலையில் ஓர் அவரைப் பந்தல். அவ்வளவுதான். அதை ஒட்டி ஒரு மண்சுவர். சுவருக்கு உள்பக்கம் அப்பாவின் குழித்தறி. அந்தச் சுவர்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

வானத்தைப் பார்த்துப் பிழைப்பவன் விவசாயி மட்டும்தான் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். நெசவாளி வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்! அக்னி நட்சத்திரத்தில் பட்டு இழை காய்ந்து பட்பட்டென்று அறுந்து போகும். தறிக்குழியின் ஈரம்தான் அப்போது இழையைப் பதமாக வைக்கும். அதுவும் போதாத நாளில் அம்மா குழிக்குள் தண்ணீர் தெளிப்பார். மழைக்காலத்திலோ கதையே வேறு. பட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பாவு தொய்யும், அச்சு இறுகும், சரிகை கறுத்துவிடுமோ என்ற பயம் வேறு. தெருவில் பாவு நீட்டவும் முடியாது. ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால் கத்தரிச் செடி கேட்பதும் அதைத்தான்.

2015 நவம்பர், டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் குழிகளெல்லாம் கிணறாகிவிட்டன. அப்போது நான் சின்னப் பையன். தறிக்குழியில் காகிதக் கப்பல் விட்டு ஆயாவிடம் அடி வாங்கினேன். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, ஊரே செவிலிமேட்டுப் பாலத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனது. அப்பா மட்டும் போகவில்லை. குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

காய்கறிப் பயிர் விஷயத்தில் எங்கள் வீட்டு வானிலை நிலையம் ஆயாதான். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆயா தேடமாட்டார், ஆடி பிறந்தால் முந்தானை முடிச்சிலிருந்து விதை தானாக வெளியே வரும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊருக்குத் தென்மேற்குப் பருவமழை அடைமழையாக வருவதில்லை. பகல் முழுக்கப் புழுங்கி, சாயங்காலம் மேற்கே கருத்து, இடியோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். விதை முளைக்க அது போதும். செடி வேர் பிடித்து நிமிர்ந்த பிறகு, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இதில்தான் பெய்கிறது. ஐப்பசியில் போய் விதைத்தால் விதை அழுகும். ஆடியில் விதைத்தால் செடி தாங்கும்.

நான் முதலாண்டில் இதையெல்லாம் நம்பவில்லை. சித்திரையிலேயே அவரை விதை ஊன்றினேன். ஆடியில் ஊன்றினால் மார்கழியில் காய் என்றால், சித்திரையில் ஊன்றினால் புரட்டாசியில் காய்க்க வேண்டாமா? நல்ல கணக்கு! கொடி பந்தலைத் தாண்டி ஓட்டின் மேல் ஏறியது. இலை, இலை, இலை. ஒரு பூ கிடையாது. "இன்னாடா, ஆட்டுக்குத் தழை வளக்கிறியா?" என்றார் ஆயா. பிறகு நூலகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். நம் ஊரில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நமக்குத் தெரியாத அந்த ஒன்றரை மணி அவரைக்குத் தெரிகிறது.

தக்காளியும் அப்படித்தான். அமெரிக்காவில் அயோவா போன்ற நடுமேற்கு மாநிலங்களில் கடைசி உறைபனி போகட்டும் என்று காத்திருந்து, மே மாதத்தில்தான் தக்காளி நாற்றை வெளியே நடுவார்களாம். அதே மே மாதம் இங்கே இரவிலும் சூடு இறங்காமல் தக்காளிப் பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமலே கொட்டிவிடும். அவர்களுக்குக் குளிர் போக வேண்டும், நமக்கு வெயில் போக வேண்டும். மெக்கானிக்கல் நண்பர்கள் கொட்டாவி விட வேண்டாம், விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு மழைமானி பற்றிப் பாடம் நடந்தது. சைமன்ஸ் மழைமானி, காலை எட்டரை மணிக்கு அளவு, ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் என்றெல்லாம் படித்தோம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நேரான பக்கங்கள் உள்ள ஒரு பழைய தகர டப்பாவைத் தோட்டத்தில் வைத்து, ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அதே வாரத்தில் மழைநீர் சேகரிப்பும் நடத்தினார்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய விஷயம், நம் வீட்டில் இல்லையே என்று தோன்றியது. ஓர் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி எடுத்து, தெருப்பக்கம் தண்ணீர் ஓடும் வாய்க்காலை அடைத்து, தோட்டத்தைச் சுற்றி முழ உயரத்துக்கு வரப்புப் போட்டேன். ஒரு சொட்டு வெளியே போகாது. அம்மாவுக்கு ஒரே பெருமை. "படிச்ச புள்ள" என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். ஆகவே எது செய்தாலும் அது படித்தவன் செய்ததாகிவிடும்.

ஐப்பசி மூன்றாவது வாரம். இரவு ஒன்பதுக்குப் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. ஓட்டில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, காலையில் டப்பாவில் எவ்வளவு இருக்கும் என்று சந்தோஷமாகத் தூங்கினேன். நம்புங்கள், சந்தோஷமாகத்தான்.

விடியற்காலை அப்பா கூப்பிட்டார். கத்தவில்லை. "டேய், இங்க வா" என்றார், அவ்வளவுதான். தறிக்குழியில் முழங்கால் அளவு தண்ணீர். மிதிகள் மிதந்துகொண்டிருந்தன. மண்சுவரின் அடியிலிருந்து, வியர்வை மாதிரி, தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. தறியில் முகூர்த்தப் புடவை ஒன்று, முந்தானை மட்டும் பாக்கி. பட்டில் தண்ணீர் படவில்லை. ஆனால் கீழே இருந்து ஏறிய ஈரத்தில் பாவு தளர்ந்து தொங்கியது.

டப்பாவில் 60 மில்லிமீட்டர். தோட்டம் சுமார் 28 சதுர மீட்டர். 1,680 லிட்டர். ஓட்டின் பின்சரிவிலிருந்து வழிந்தது தனி. எல்லாவற்றையும் வரப்புக் கட்டி, சுவரோரமாகவே நிறுத்தி வைத்திருக்கிறேன். எங்கள் மண் களிமண் கலந்தது. தண்ணீர் கீழே சீக்கிரம் இறங்காது, பக்கத்தில்தான் வழி தேடும். சேகரிப்புக் குழி சுவரைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்று அதே பாடத்தில், அதே பக்கத்தில் இருந்தது. நான் தேர்வுக்கு மட்டும் படித்திருக்கிறேன்.

நானும் அப்பாவும் பக்கெட்டில் இறைத்தோம். பாதி இறைத்ததும் அப்பா கேட்டார்: "மண்ணு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கறதுதான உங்க படிப்பே?" கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. ஆமாம் நண்பர்களே, நம் படிப்பே அதுதான்! டம்பி லெவலைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானம் முழுக்க ரீடிங் எடுத்தவன், சொந்த வீட்டுப் பின்கட்டின் சரிவைப் பார்க்காமல் வரப்புப் போட்டேன்.

குழி காய்ந்து, மிதி கட்டி, பாவு மறுபடி பதத்துக்கு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் தறிச் சத்தம் இல்லாத வீட்டில் நான் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாலே கூச்சமாக இருந்தது. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாளும் அதற்குள் வந்தது. அப்பா கூலியில் முன்பணம் வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். ஆயா, "தண்ணியும் புள்ளையும் வுட்ட வழிலதான் போவும்" என்றார். யாரைச் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வாரமே வரப்பை வெட்டினேன். பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அம்மா பிடிக்க, மூலைக்கு மூலை மட்டம் பார்த்தேன். சுவரோரம் மண் போட்டு உயர்த்தி, அங்கிருந்து தெருப்பக்கம் சாய்வு கொடுத்தேன். கத்தரிக்கும் வெண்டைக்கும் மேட்டுப் பாத்தி. சேகரிப்புக் குழி சுவருக்கு எதிர்க்கோடியில், அவரைப் பந்தலுக்கு அப்பால். கார்த்திகையில் மறுபடி இரண்டு நாள் நல்ல மழை. நான் தூங்கவில்லை. அரிக்கேன் விளக்கு காலமில்லையே, செல்போன் வெளிச்சத்தில் நாலு தடவை குழியை எட்டிப் பார்த்தேன். நான்காவது தடவை அப்பாவும் அங்கே நின்றிருந்தார். குழி காய்ந்திருந்தது. இருவரும் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டோம்.

மார்கழியில் அவரை பூத்தது. தையில் பந்தல் தெரியாமல் காய். அம்மா வீட்டுக்கு எடுத்தது போக, கூறு கட்டித் தெருவில் விற்றார். ஒவ்வொரு நாளும் வந்த காசை, மழை எழுதிய அதே நோட்டில் எழுதினேன். மாசி முடியக் கூட்டிப் பார்த்தேன். அப்பாவின் ஒன்பது நாள் கூலியில் இரண்டு நாளைக்குக்கூட வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு மாசம் காய் வாங்க ராஜாஜி மார்க்கெட்டுக்குப் போனமா? அத எழுதுனியா?" என்றார். எழுதவில்லை. அதற்கும் ஒரு பத்தி போட்டிருக்கிறேன் இப்போது.

இந்த ஆடியில் ஆயா விதையை என் கையில் கொடுத்தார். குழி தோண்டும்போது அப்பா தறியை விட்டு எழுந்து வந்து பின்னால் நின்றார். புதுப் பாவு ஏற்ற வேண்டிய வாரம் அது. தகர டப்பாவைக் காலால் லேசாகத் தட்டி, "இதுல இன்னாடா சொல்லுது, நாளைக்கு வருமா?" என்றார். அது பெய்த மழையைத்தான் சொல்லும், வரப்போவதைச் சொல்லாது என்றேன். "அப்ப அது வேஸ்ட்டு" என்று சொல்லிவிட்டு, மேற்கே ஒரு தடவை பார்த்து, உள்ளே போய்ப் பாவு ஏற்ற ஆரம்பித்தார்.