நள்ளிரவில் கேட்ட பாடம்

வயிற்றை மூன்றாகப் பகுத்து உண்ணச் சொல்லும் நபிமொழியையும், வள்ளுவரின் ‘மருந்து’ அதிகாரத்தையும் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு விளக்கி வருகிறேன். விளக்கிவிட்டு வீட்டிற்கு வந்து நெய்ச்சோறு உண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு வலீமா விருந்துண்ட இரவு, மார்பில் இறுக்கமும் வியர்வையும் கண்டன. இராயப்பேட்டை வீட்டிலிருந்து மகன் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்றான். மாரடைப்பு இல்லை என்று தெரிந்ததும் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று எழுந்தோம். பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் விடவில்லை. தையற்காரர் நாடா போன்ற ஒன்றால் என் வயிற்றுச் சுற்றளவை அளந்தார்: 98 சென்டிமீட்டர்.

“நம் நாட்டு ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டும், ஐயா. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சற்றே கூடியிருக்கின்றன. தனித்தனியே சிறியவைதாம், மூன்றும் கூடினால்தான் ஆபத்து.”

அடுத்த கட்டிலில் ஓர் ஆட்டோ ஓட்டுநர். நடக்கச் சொன்னபோது, “நாளெல்லாம் உட்கார்ந்தே ஓட்டுகிறேன், எப்போதம்மா நடப்பது?” என்றார். அவர் கோபிக்கவில்லை. சவாரியில்லாத போது பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் கணக்கில் சேரும். தேநீரில் சர்க்கரையை விடுங்கள் என்றார். அச்சத்தில் இருப்பவனுக்குக் காது நன்கு திறந்திருக்கிறது. வகுப்பறையில் எங்களுக்கு அந்த வாய்ப்பு ஏது? ஆனால், விடிந்தபின் அவரைத் தொடர்ந்து கேட்பவர் யார் என்ற கவலை எனக்கு இன்றும் உண்டு.

பிறகு தேடிப் படித்தேன். 1990களின் பிற்பகுதியில் மருத்துவர் வி. மோகன் குழுவினர், தியாகராயநகரில் வருவாய் குறைந்தோர் பகுதியையும் திருமங்கலத்தில் நடுத்தர வகுப்பார் பகுதியையும் ஆராய்ந்தனர். இக்கூட்டுநோய் திருமங்கலத்தில் நூற்றுக்கு 18.7 பேருக்கும், தியாகராயநகரில் 6.5 பேருக்கும் இருந்தது. பத்தாண்டு கழித்துப் பார்க்கையில், நீரிழிவு முதலியவற்றில் ஏழையரும் மற்றவரை எட்டிவிட்டிருந்தனர். பணக்காரர் நோய் என்ற பேச்சு அத்துடன் ஒழிந்தது. இதற்கிடையே திருமங்கலத்தார், ஆய்வாளர் கூறியதைக் கேட்டுத் தாமே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தனர்; உடற்பயிற்சி செய்வோர் நூற்றுக்கு 14.2இலிருந்து 58.7 ஆயினர். அன்றாடங்காய்ச்சிகள் வாழும் தெருவில் பூங்காவுக்குப் பணம் திரட்ட எவரால் இயலும்? அங்கே அரசுதான் முன்வர வேண்டும்.

எனக்கோ மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்கா அருகிலேயே இருக்கிறது. சுபுஹுத் தொழுகை முடித்து அங்கே நடக்கிறேன். மழை நாளில் சாக்குக் கிடைத்துவிடுகிறது. இரவில் சோற்றுக்குப் பதில் சுண்டலும் காய்கறியும். நாடாவொன்று நானே வாங்கினேன். நேற்றைய அளவு 94. மேசைமேல் இரண்டு வலீமாப் பத்திரிகைகள் கிடக்கின்றன.